மகளுக்கு: படகின் புதிய எஞ்சின் குறித்து

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா என அறிய ஆவல். பழைய எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றி நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீர் ஓடும் வழிகளின் ஓரத்தில் இரும்பு அடை அடையாகப் பெயர்ந்திருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் சுவரில் நகம் இடறும் அளவுக்குக் கீறல் விழுந்திருப்பதாக நீ எழுதியிருக்கிறாய். வால்வோ பென்டா எம்.டி.11சி அந்தக் காலத்தில் உறுதியாகச் செய்யப்பட்ட எஞ்சின்தான். ஆனால் கடல்நீரையே நேரடியாகத் தன் உடம்புக்குள் ஓடவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வகை அது. சிலிண்டரைத் துளைத்துப் புது பிஸ்டன் போடலாம். துரு தின்ற நீர்வழிகளைப் புதிதாக்க முடியாது. எனவே மாற்றிவிடுவது என்ற உங்கள் முடிவு சரியானது.

எனக்கு உடன்பாடில்லாதது மாப்பிள்ளை விலை கேட்டிருக்கும் 30 குதிரைத்திறன் எஞ்சின்தான். அவருடைய எண்ணம் புரிகிறது. தென் இங்கிலாந்துக்கும் ஒயிட் தீவுக்கும் இடைப்பட்ட சோலண்ட் நீரிணையின் மேற்கு வாயிலில், ஹர்ஸ்ட் முனையருகே, பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீரோட்டத்தின் வேகம் 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல்மைல், என்ற அளவைத் தாண்டும் என்பதால், அதை எதிர்த்துப் போகப் பலம் வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் படகின் வேகத்துக்கு எல்லை போடுவது எஞ்சின் அல்ல, மிதக்கும்போது நீர்மட்டத்தில் படகுக்கு உள்ள நீளம். உங்கள் பாய்மரப் படகான வெஸ்டர்லி சென்டாரின் நீர்மட்ட நீளம் 21 அடி 4 அங்குலம். அடிக்கணக்கில் எடுத்த அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6.2 நாட் வரும். அதற்கு மேல் தள்ளினால், படகு தானே எழுப்பிய முன்னலைக்கும் பின்னலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் உட்கார்ந்து பின்புறம் தாழுமே தவிர, வேகம் ஏறாது. ஹர்ஸ்ட்டில் நீரோட்டம் திரும்பும் வரை காத்திருப்பதற்கு 30 குதிரைத்திறன் மாற்றாகாது என்பதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

இந்த வகைப் படகுக்கு டன்னுக்கு 4 முதல் 5 குதிரைத்திறன் போதும் என்பது நடைமுறைக் கணக்கு. சென்டாரின் எடை 3 டன் அளவு; அப்படியானால் 12 முதல் 15 போதும். எதிர்காற்று, குறுகிய அலை, அடியில் சிப்பி படிந்த நிலை ஆகியவற்றுக்கும் இடம் விட்டு 20 என்று வைத்துக்கொள்ளலாம். பழையதில் 23 இருந்ததே என்று நீ கேட்கலாம். அந்த 23ஐயும் படகு முழுமையாகப் பயன்படுத்தியிருக்காது. அமைதியான நீரில் 5 நாட் வேகத்துக்கு ஏறத்தாழ 8 குதிரைத்திறன்தான் செலவாகும். டீசல் மணிக்கு 2 லிட்டர் அளவில் போகும். தேவைக்கு மிஞ்சிய எஞ்சின் வாழ்நாள் முழுவதும் அரைச் சுமையைக் கூடக் காணாமல் ஓடும். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் சுவர் கண்ணாடி போல் வழவழப்பாகி எண்ணெயை மேலே விடும். புகைபோக்கி வளைவில் கரி அடைக்கும். மின்மோட்டார் பற்றியும் கேட்டிருந்தாய். ஆற்றுக்குள் சுற்றுவதற்கு அது நல்லதுதான். ஒயிட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்ஸின் செர்போர்க் துறைமுகம் ஏறத்தாழ 60 கடல்மைல். காற்று செத்துப்போனால் பேட்டரியை நம்பி அந்தத் தூரம் போக முடியாது.

அடுத்ததாக, எஞ்சினைவிட அதிகம் யோசிக்க வேண்டியது புரொப்பெல்லரைப் பற்றி. எம்.டி.11சி நிமிடத்துக்கு 2500 சுற்றில் முழுத்திறன் தரும். யான்மார் 3ஒய்எம்20 அல்லது பீட்டா 20 போன்றவை 3600 சுற்றில் தரும். இந்த வேறுபாட்டை ஈடுகட்டுவது கியர்பாக்ஸ். 3600ஐ 2.62ஆல் வகுத்துக் குறைத்தால், புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் ஏறத்தாழ 1370 சுற்றில் ஓடும். பெரிய, மெதுவான புரொப்பெல்லருக்கு அதுவே ஏற்றது. விகிதம் குறைவான கியர்பாக்ஸைத் தலையில் கட்டினால் சிறிய புரொப்பெல்லர் வேகமாகச் சுழன்று தண்ணீரைக் கலக்குமே தவிர, அலையில் படகைத் தள்ளாது. பின்னாலிருந்து பார்க்கையில் இப்போதைய புரொப்பெல்லர் வலப்பக்கம் சுழல்கிறதா, இடப்பக்கம் சுழல்கிறதா என்பதையும் பார்த்து வை. புதிய கியர்பாக்ஸ் எதிர்த்திசையில் ஓடினால் பழைய புரொப்பெல்லர் உதவாது. இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் இடையே, புரொப்பெல்லர் விட்டத்தில் 10 முதல் 15 சதவீத இடைவெளி இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அமைதியான நீரில், டேங்க் நிறைந்த நிலையில், ஆக்சிலரேட்டரை முழுவதும் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் தன் உச்சச் சுற்றை எட்டாமல் கரும்புகை கக்கினால் புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் பட்டறைக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

எந்த நிறுவனம் என்பதில் நான் பிடிவாதமாக இல்லை. யான்மார், வால்வோ டி1-20, பீட்டா மூன்றும் நன்னீரால் குளிர்பவை. கடல்நீர் எஞ்சினுக்குள் போகாமல் வெப்பமாற்றியோடும் புகைவழியோடும் நின்றுவிடும். நேரடிக் கடல்நீர் எஞ்சினை, உப்பு படியாமலிருக்க, 60 டிகிரி அளவிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. இவை 80 டிகிரிக்கு மேல் ஓடுவதால் டீசல் நன்றாக எரியும். ஆனாலும் என் மனம் பீட்டா பக்கம் சாய்கிறது. அது இங்கிலாந்தின் குளௌஸ்டர்ஷயரில், குபோட்டா எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றிச் செய்யப்படுவது. நம்மூர் வயலில் ஓடும் டிராக்டரின் அதே குபோட்டா. (நாற்று நடும் இயந்திரத்தில் யான்மார் பெயரும் உனக்குப் பழக்கமானதுதான்.) அடிப்படை எஞ்சின் எதுவானாலும் எளிதில் கெடாது, முதலில் தொல்லை தருபவை அதைச் சுற்றிப் பூட்டிய கடல்நீர் பம்பும் வெப்பமாற்றியும் புகைபோக்கி வளைவும்தான். பீட்டாவில் பழைய எஞ்சின் உட்கார்ந்த தாங்கு கட்டைகளுக்கு ஏற்றபடி கால்களைச் செய்து தருவார்கள். கட்டையை வெட்டி ஃபைபர் வேலை செய்யும் செலவு அதனால் மிச்சமாகும்.

வாங்கும் முன் எஞ்சினின் வரைபட அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து, கேபின் படிகளைக் கழற்றி உள்ளே வைத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக், எண்ணெய் ஃபில்டர், பம்பில் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் மூடி இவை எல்லாம் எங்கே வரும் என்று அட்டையில் குறித்துக்கொண்டு, உன் கை அங்கே போகிறதா என்று நீயே பார். சென்டார், அடியில் துருத்தி நிற்கும் இரட்டைக் கீலில், நீர் வடியும்போது சேற்றில் உட்காரும் படகு. உட்கார்ந்து எழும்போதெல்லாம் நீர்வழி சேற்றை உறிஞ்ச வாய்ப்புண்டு. ஆட்டத்தில் இம்பெல்லர் மாற்ற வேண்டி வந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மாற்ற முடியாது.

புகைவழியில் கண்ணாயிரு. கடல்நீர் புகையோடு சேரும் வளைவு, நீர்மட்டத்துக்குக் கீழோ, அதற்கு மேல் 15 சென்டிமீட்டருக்குள்ளோ வந்தால், காற்றுவால்வு உள்ள உயர்ந்த வளைகுழாய் கட்டாயம். இல்லையேல் எஞ்சின் நின்றபின் கடல்நீர் தானாக உறிஞ்சப்பட்டுச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதானால் முதலில் கடல்நீர் வால்வை மூடச் சொல். ஸ்டார்ட் ஆன கையோடு திறந்துவிட வேண்டும். டீசல் டேங்கின் அடியில் கறுப்பாகப் படிந்திருக்கும் கசடை, பழைய எஞ்சினை வெளியே எடுத்து இடம் காலியாக இருக்கும்போதே சுத்தம் செய்துவிட வேண்டும். ஷாஃப்ட் இணைப்பை நேராக்கும் வேலை கரையில் முடிந்ததாகக் கணக்கில்லை; படகு தண்ணீரில் ஓரிரு நாள் மிதந்தபின், இணைப்புத் தட்டுகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கு அளந்தாலும் இடைவெளி வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

30க்கும் 20க்கும் உள்ள விலை வேறுபாட்டை இந்தப் புகைவழிக்கும் டேங்குக்கும் புரொப்பெல்லருக்கும் ஒதுக்குங்கள். தாங்கு கட்டைகளின் இடைவெளி, ஷாஃப்ட் நடுக்கோட்டிலிருந்து கட்டையின் மேல்தளம் எவ்வளவு கீழே இருக்கிறது, ஷாஃப்ட் விட்டம், புரொப்பெல்லரில் பொறித்திருக்கும் எண்கள் ஆகிய நான்கையும் மில்லிமீட்டர் சுத்தமாக எடுத்து அனுப்பு. அது வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி