துண்டோடு வந்தவரின் வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய அத்தைமார் இருவருக்கும், சித்தப்பாவுக்கும், ஹட்டன் மாமாவுக்கும், பந்தலூரிலும் ஹட்டனிலும் துறையூர்ப் பக்கத்திலும் எனக்காக நேரம் ஒதுக்கிய அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், பின் ஒரு பகுதி இந்தியாவுக்குத் திரும்பிய நம் குடும்பத்தின் கதையைத் தொகுக்கும் வேலை ஒருவாறு முடிந்து, 112 பக்கங்களில் கையேடாக அச்சாகிவிட்டது. ஒவ்வொருவராகத் தேடி வந்து நன்றி சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன் என்ற அச்சம் ஒருபுறம். நீங்கள் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு எப்படிப் பொருந்திற்று என்பது உங்களில் பலருக்குத் தெரியாது என்பது மறுபுறம். ஆகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி சின்ன அத்தைக்கு. டேன்டீ எனும் தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பணி ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில், அப்பாயியின் தகரப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் என்னைக் கூப்பிட்டுத் திறந்து காட்டியவர் அவர்தான். அப்பாயியின் இந்தியப் பாஸ்போர்ட், இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, நீலநிற விமானத் தபால் கடிதங்கள் ஒரு கட்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு, மஞ்சள் துணியில் முடிந்துவைத்த ஒரு வட்டத் தகடு ஆகியவை அதில் இருந்தன. தகட்டின் மேல்புறம் ஒரு துளை. நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் அழுத்திப் பொறிக்கப்பட்டிருந்தன. விளிம்பு தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. அந்தத் தகடு எனக்குப் புதிதல்ல. சிறுவயதில் காய்ச்சல் கண்டால் அப்பாயி அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டிவிடுவார். பயந்த பிள்ளைக்குக் கட்டும் தாயத்து என்றே வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கையை ஐந்தே நிமிடத்தில் மாற்றியவர் ஹட்டன் மாமா. இலங்கையில் தோட்ட அலுவலகத்தில் நெடுங்காலம் செக்ரோல் என்னும் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை எழுதியவர் ஆகையால், நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே, "புள்ள, இது தாயத்து இல்ல, டின் டிக்கட்" என்றார். 1901ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்த முறையாம் அது. தகட்டிலுள்ள எழுத்து தோட்ட மாவட்டத்தையும், எண் தோட்டத்தையும் குறிக்கும். தோட்டத்துக்கு ஆள் பிடித்து மேய்க்கும் கங்காணி ஊரில் ஆள் சேர்க்கும்போது ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைக் காட்டிக்கொண்டே முகாம் கடந்து, கடல் கடந்து, உரிய தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறிக்கொள்ளும். சரக்கு மூட்டையில் கட்டும் அடையாளச் சீட்டுக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் அப்பாயி பிள்ளைகளைக் காக்கும் பொருளாக மாற்றி வைத்திருக்கிறார்.

மாமாவுக்கு நான் பட்ட கடன் அதோடு முடியவில்லை. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நம் வீட்டில் வழங்கும் ஒரே வாக்கியம், "அவர் துண்டோடு வந்தவர்" என்பது. தோளில் போட்ட துண்டைத் தவிர வேறு சொத்தில்லாமல் வந்தவர் என்று நான் பொருள் கொண்டு, பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இதை நான் பெருமையோடு சொன்னபோது மாமா சிரித்துவிட்டு விளக்கினார். தோட்டத்துப் பேச்சில் துண்டு என்பது கடன் சீட்டு. ஒரு தோட்டத்தில் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்ட கடனை இன்ன தொகை என்று எழுதி, அதைக் கட்டிவிட்டு ஆளை அழைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த தோட்டத்துக்குக் கொடுப்பதுதான் அந்தச் சீட்டு. அப்படியானால் துண்டோடு வந்தவர் ஊரிலிருந்து நேராக வந்தவராக இருக்க முடியாது. வேறொரு தோட்டத்திலிருந்து கடனோடு மாறி வந்தவராகத்தான் இருக்க வேண்டும். தகட்டிலிருந்த எழுத்து அப்பாயி பிறந்த தோட்டத்தின் மாவட்டத்தோடு ஒத்துப்போகாமல் எங்களைக் குழப்பிய காரணமும் அப்போதுதான் புரிந்தது.

ஆண்டுக் கணக்கு பிடிபட்டது பெரிய அத்தையால். கொள்ளுத்தாத்தா தனுஷ்கோடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார் என்று அப்பாயி சொல்லக் கேட்டதை அவர் நினைவில் வைத்திருந்தார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலும் கப்பலுமாக இணைந்த பயணம் 1914இல் தொடங்கியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் கொள்ளுத்தாத்தா கடல் கடந்து, கடன்பட்டு, தோட்டமும் மாறியிருக்க வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் அகப்படாத செய்தி ஒரு பழைய வசவுச் சொல்லிலும் ஒரு கிழவியின் ஞாபகத்திலும் பத்திரமாக இருந்திருக்கிறது.

பெரிய அத்தைக்கு நன்றி சொல்ல இந்த ஒரு பத்தி போதாது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாய் நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நம் வீட்டில் அந்தப் பங்கீடு பெரிய அத்தையின் மேல் விழுந்தது. அவர் மணம் முடித்த குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது. பிறந்த வீடு இந்தியாவுக்கு எழுதிப் போட்டது. 1974இன் உணவுப் பஞ்சத்தைத் தோட்டத்தில் கழித்துவிட்டு, மறு ஆண்டு தாத்தாவும் அப்பாயியும் மூன்று பிள்ளைகளோடு புறப்பட்டார்கள். வழியனுப்ப வந்தவர்களின் ஒப்பாரியால் அழுகைக் கோச்சி என்று பெயர் பெற்ற ரயில்களில் ஒன்று ஹட்டன் நிலையத்திலிருந்து நகர்ந்தபோது, அத்தை கைக்குழந்தையோடு மேடையில் நின்றிருக்கிறார். அந்தக் காட்சியைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எந்தப் பெட்டியில் ஏறினார்கள், அப்பாயி முந்தானையில் எதை முடிந்திருந்தார், தூக்க முடியாத அம்மிக்கல்லை யார் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டுக்குத் திருப்பிச் சுமந்து வந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த அம்மியில்தான் இன்றும் சம்பல் அரைக்கிறாராம். பதினொரு இரவுகள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய பேரனுக்கும் என் நன்றி; உன் கை வலித்திருக்கும், தம்பி.

அப்பாயியின் பெயர் செக்ரோல் நகலில் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் வேறாகவும் இருந்த சிக்கலை அவிழ்த்தவரும் சின்ன அத்தையே. ஒரே கங்காணியின் கீழ் அதே பெயரில் இன்னொருத்தி இருந்ததால், அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும்போது கணக்குக் குழம்பாமலிருக்க அப்பாயிக்கு வேறொரு பெயரை எழுதிவிட்டார்களாம். இரண்டையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்குச் சொல்லும் நன்றி சற்று வேறு வகையானது. "கிளறாதே, விடு" என்று ஓராண்டு வாய் திறக்காதவர், ஒரு நாள் தேநீர்க் கடையில் அமர்ந்து மண்டபம் முகாமில் கழித்த நாட்களைச் சொன்னார். ராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கி, கொள்ளுத்தாத்தா போகும்போது தங்கவைக்கப்பட்ட அதே மண்டபத்தில் பேரப்பிள்ளைகளும் தங்கவைக்கப்பட்டதை அவர் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். முகாமில் நடந்த ஒன்றை மட்டும் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. அதன் பிறகு, சொன்னவரிடம் படித்துக் காட்டாமல் எந்தப் பக்கத்தையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அறிக்கைகளைப் பொறுமையாக எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும், குலதெய்வத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்த என்னைப் பச்சைமலை அடிவாரத்துக் கோயில்வரை அழைத்துச் சென்று, நம் வகையறாவின் மூன்று வீடுகளைக் காட்டித் தந்த பூசாரி ஐயாவுக்கும், கடிதங்களைத் தட்டச்சு செய்து தந்த தோழிக்கும் நன்றி.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். பாதுகாக்கிறேன் என்ற நினைப்பில் குடும்ப அட்டையை ஒரு கடையில் லேமினேட் செய்யக் கொடுத்ததில், சூடு தாங்காமல் ஓர் ஓரம் சுருண்டு மை கரைந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே படம் எடுத்திருந்தேன். சின்ன அத்தை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். உங்கள் வீட்டில் இத்தகைய தாள்கள் இருந்தால் பருத்தித் துணியிலோ வெள்ளைக் காகித உறையிலோ வையுங்கள். கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டின் டிக்கட் யாரிடம் இருக்க வேண்டும் என்று சித்தப்பாவும் சின்ன அத்தையும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். தைப் பொங்கல் கழிந்து நான் ஹட்டனுக்கு வரும்போது அதைப் பெரிய அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். கோத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கறுப்புக் கயிறு அங்கேயே கடையில் கிடைக்கிறது, தகட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்.

என்றும் நன்றியுடன்,
பந்தலூர் வீட்டுப் பேத்தி