காயலான் கடைக்குப் போட வேண்டாம்

விளாச்சேரி, மதுரை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை அம்மா மூலமாக அறிந்துகொள்கிறேன்.

மின்சூளையையும் மண் வனையும் சக்கரத்தையும் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னாய் என்று அம்மா வெள்ளிக்கிழமை சொன்னாள். நான் போடவில்லை. எடைக்குக் கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டு, நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து, மூன்று நாள் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். பொருள் உன்னுடையது என்பதால், பார்த்ததை உனக்கு எழுதுவதுதான் முறை.

முதலில் சக்கரம். மூன்று கிலோ மண்ணை வைத்து நடுவுக்குக் கொண்டுவர அழுத்தினால் தட்டு நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டது என்று நீ சொன்னாயாம். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, பெல்ட் தேய்ந்து, பளபளவென்று ஆகி, வழுக்குகிறது. அதன் முதுகில் அச்சிட்டிருந்த எண் அழிந்துவிட்டதால், இரண்டு கப்பிகளையும் சேர்த்துச் சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்தச் சணலோடு பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் அதை மேசையில் நீட்டிப் பார்த்துவிட்டு, மாவு மில்லுக்கா என்று கேட்டார். என் மகளின் சக்கரத்துக்கு என்றேன். புதிய பெல்ட்டை, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்வாங்கும் அளவுக்கு மட்டுமே இழுத்து முடுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் இழுத்தால் பேரிங் சீக்கிரம் போய்விடும். காலை எடுத்த பிறகும் தட்டு ஊர்ந்துகொண்டிருந்ததற்குக் காரணம், பெடலுக்குள் புகுந்த மண்தூசி. துடைத்துவிட்டேன்.

ஆனால் பேரிங் விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபம்தான். சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் அப்படியே விட்டுவிட்டு நீ பஸ் ஏறினாய். அது தண்டு வழியாகக் கீழே கசிந்து, பேரிங் துருப்பிடித்து, சுற்றும்போது மணலை அரைப்பதுபோல் சத்தம் போடுகிறது. மண் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் பிறந்தவள், எவ்வளவு மனவருத்தம் இருந்தாலும், தொட்டியைக் கழுவிவிட்டல்லவா போயிருக்க வேண்டும்?

இனிச் சூளை. மெயினை அணைத்துவிட்டுத்தான் திறந்தேன். நீ எந்த ஊரில் எந்தச் சூளையைத் திறந்தாலும் மெயினை அணைத்துவிட்டே திற. முன்பக்கத்துச் சுவிட்சை நம்பாதே. சூடேறும் கம்பிச்சுருளான காயில் ஒவ்வொன்றும் 2 கிலோவாட் என்று நீதான் மூடியின் உட்பக்கம் எழுதி வைத்திருக்கிறாய். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றின் தடையும் 26.5 ஓம் காட்ட வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், ஒன்று 29, இன்னொன்று 29.5; மூன்றாவதில் மீட்டர் எண்ணே காட்டவில்லை. அறுந்தது ஒன்றுதான் என்றாலும் மற்ற இரண்டும் கிழடு தட்டிவிட்டன. காயிலுக்கு வயது ஏற ஏற ஓம் ஏறும், ஓம் ஏறினால் சூடு குறையும். கடைசி ஆறு மாதம் சூளை முன்னைப்போல் ஏறவில்லை என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான், விறகுச் சூளையாக இருந்தால் இந்தத் தொல்லை உண்டா என்று கேலி பேசினேன். நீ சொன்னது சரி. அதோடு நம் ஊரில் மாலையில் வரும் கரண்டும் ஒரு காரணம். 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூடு எட்டில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைகிறது.

அறுந்த காயிலை வெளியே எடுத்தபோது, அது பதிந்திருந்த பள்ளமான காடிக்குள் ஒட்டகப் பொம்மையின் முழங்கால் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்த்திகையில் நீ கோப்பைகளைக் காட்டக் கொடைக்கானலுக்குப் போயிருந்த இரண்டு நாளும் அடைமழை. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது, விறகு நனைந்துவிட்டது. உன்னிடம் கேட்காமல், அரைகுறையாகக் காய்ந்த ஒட்டகங்களை உன் சூளையில் அடுக்கி, நீ வழக்கமாக அழுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஈர மண்ணை நூறு டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது ஐம்பது வருடமாகப் பொம்மை சுடுகிற எனக்குத் தெரியாததா? அவசரம். கொட்டகைக்குள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் கேட்டது. ஆறிய பிறகு பார்த்தால், ஒரு காயில் காடியைவிட்டு வெளியே தொங்கியது. ஒருமுறை சூடேறிய காயில் ஆறிய நிலையில் கண்ணாடிபோல் நொறுங்கும், செந்தணலாகச் சூடாக்கித்தான் வளைக்க வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். நான் இரும்புக் கம்பியால் அப்படியே உள்ளே தள்ளினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அது என் காதில் விழுந்தது, தாயி.

அடுத்த வாரம் உன் 64 கோப்பைகளும் மேலே பூசிய கிளேஸ் உருகாமல் சுண்ணாம்புபோல் வெளியே வந்தபோது, வாங்க வந்தவர் முன்னால், கன்ட்ரோலரில் எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பாய் என்று உன்னைச் சொன்னேன். நீயும் அதை நம்பி, உன் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாய். நான் பேசாமல் நின்றேன். அந்த எண் சரியாகத்தான் இருந்தது.

அம்மாவிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பழையதோடு புதியதைக் கலந்தால் சூடு சீராகப் பரவாது என்பதால், சூடு தாங்கும் கான்தல் ஏ-1 கம்பியில் மூன்று காயிலும் புதிதாகச் சுற்றி வாங்கியிருக்கிறேன். காடிகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கருகிய முனைகளுக்குப் புதிய திருகு போட்டு, மெயினை அணைத்து வைத்துவிட்டுத்தான் மாட்டினேன். சூட்டை அளக்கும், நுனி அரித்துப்போன தெர்மோகப்பிளையும் மாற்றியாகிவிட்டது. புதுக் காயிலுக்கு முதல் சூட்டைச் சூளை காலியாக இருக்கும்போதே, மெதுவாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கம்பியின்மேல் காக்கும் தோல் படியும். எவ்வளவு நேரத்தில் எத்தனை டிகிரி என்பது உன் நோட்டில் இருக்கிறது, நோட்டு உன்னிடம் இருக்கிறது. எனக்கு எழுதி அனுப்ப நேரமில்லை என்றால் போனில் சொல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கு எண் மாறிவிடும். என்னிடமே சொல். இரவு பத்து மணிக்கு மேல்தான் கரண்டு நன்றாக வருகிறது. அதுவரை விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா