செங்காந்தள் கிழங்குக்கு ஊர் கேளுங்கள்

வனத்துறை, தோட்டக்கலைத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஆனி பிறந்தால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தள் எனும் கண்வலிக்கிழங்கு நடவு வேலை சூடுபிடிக்கும். விதைக்கிழங்கு மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும். அதில் தோட்டத்தில் விளைந்தது எது, மலையடிவாரத்தில் தோண்டியது எது என்று யாரும் கேட்பதில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: விளைந்த நிலத்தின் சர்வே எண் எழுதிய சீட்டில்லாமல் விதைக்கிழங்கு கைமாறக் கூடாது.

கிழங்கு கலப்பை போல இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கிளை வீண். தோட்டத்து மண்ணில் பதமாகத் தோண்டி எடுத்துவிடலாம். அடிவாரத்துச் சரளையில் கடப்பாரைதான். நுனி போன கிழங்கு விலைபோகாது என்பதால் குழியோரமே வீசிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்கிறார்கள். ஆக, மூட்டையில் இருப்பதைவிட மலை இழந்தது அதிகம். ஒரு கிளையை எடுத்துக்கொண்டு மறு கிளையை அதே குழியில் மூடினால்கூட அடுத்த மழைக்குக் கொடி எழும். மூடுவதில்லை.

விதையிலிருந்து வருமே என்பீர்கள். காயையும் விதைக்காகப் பறித்தாயிற்று. தப்பி விழும் விதை மாதக்கணக்கில் உறங்கும். முளைத்தாலும் பூக்க மூன்று நான்கு ஆண்டாகும். ஒரு ஏக்கரில் நட அரை டன் கிழங்கு, ஒன்று 50 கிராம் என்று வைத்தாலே 10,000 கிழங்கு. எந்த அடிவாரம் தாங்கும்?

காப்புக்காட்டுக்குள் தோண்டினால் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இருக்கிறது. ஆனால் இலை நுனியைச் சுருட்டிப் பற்றி ஏறும் இந்தக் கொடி ஓடைக்கரை முள்ளிலும் பட்டா நிலத்து உயிர்வேலியிலும்தான் நிறைய நிற்கிறது. வேலியைப் பொக்லைன் வழித்துவிட்டுக் கம்பி கட்டுகிறது. மாநில மலர் என்று சுவரெல்லாம் அழகாக வரைகிறோம். சுவரில் இருப்பதைத் தோண்ட முடியாது, அந்த மட்டில் பாதுகாப்புதான்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். விவசாயிகள் மீது குறையில்லை. விதைக்கிழங்கு விலை ஏறும்போது மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறார்கள். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் விதையிலிருந்து கிழங்கு வளர்த்து நியாய விலைக்குக் கொடுங்கள். இன்று விதைத்தால்தான் நான்காம் ஆண்டில் கைக்கு வரும். அதுவரை, இந்த ஆடிக்கு முன்பே சர்வே எண் சீட்டைக் கட்டாயமாக்கி உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அடிவாரத்துத் தாவர ஆர்வலர்கள்