கொலை பண்ணது யாருன்னு போட்டுட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இங்கிலீஷ் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு. காபி டம்ளரோட உக்காந்து ஆசையா படிக்க ஆரம்பிச்சேன், மூணாவது பத்தியிலயே அவங்க எழுதுன 'மவுஸ்ட்ராப்' நாடகத்துல கொலை பண்ணது யாருன்னு பட்டுன்னு போட்டு உடைச்சுட்டீங்க. சார், எனக்கு 64 வயசு. லண்டன்ல இருக்குற பொண்ணு வீட்டுக்கு அடுத்த மாசம் கிளம்புறேன், அவ அந்த நாடகத்துக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போட்டு வச்சிருக்கா. யாராவது அதை பத்தி பேச ஆரம்பிச்சாலே காதை பொத்திக்கிட்டு எழுந்து போயிடுவேன், அப்படி முப்பது வருஷமா காப்பாத்தி வச்சது. அங்க நாடகம் முடிஞ்சதும் நடிகர் ஒருத்தர் முன்னாடி வந்து, முடிவை வெளிய போய் சொல்லிடாதீங்கன்னு ஜனங்ககிட்ட கேட்டுக்குவாராம். அவ்ளோ பேர் கட்டிக் காப்பாத்துனதை திருச்சியில ஒரு காலை நேரத்துல போட்டுக் குடுத்துட்டீங்க.

சரி, ஆனது ஆச்சு. ஆனா கட்டுரையில இன்னொரு வரி இருந்துச்சு பாருங்க, 'நாவல் எழுதிய நேரம் போக சில நாடகங்களும் எழுதினார்'னு, அதுதான் நாலு நாளா எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நான் ஆபீஸ் நாடகக் குழுவுல பதினாறு வருஷம் சைடு விங்ல நின்னு, மறந்த வசனத்தை எடுத்துக் குடுத்து ப்ராம்ப்ட் பண்ணவ, அதனால இந்த 'நேரம் போக'ங்கிறதை சும்மா விட முடியல.

கிறிஸ்டி நாடகத்துக்கு வந்ததே கோவத்துல தான். 1926ல வந்த ரோஜர் அக்ராய்டு நாவலை மைக்கேல் மார்ட்டன்னு ஒருத்தர் 1928ல நாடகமா போட்டாரு. அவரு முதல்ல குடுத்த ஐடியா என்ன தெரியுமா, அவங்க கதைகள்ல துப்பறியுற பொய்ரோவுக்கு இருபது வயசை குறைச்சு, பொண்ணுங்க எல்லாம் அவர் பின்னாடி சுத்துற மாதிரி ஆக்கிடலாம்னு. முட்டைத் தலையும் முறுக்கு மீசையுமா இருக்குற மனுஷனை! இவங்க ஒத்துக்கல. ஆனாலும் மத்தவங்க கையில கதையை குடுத்தா என்ன ஆகும்னு அப்ப புரிஞ்சு போச்சு, அதனால தானே உக்காந்து 'பிளாக் காபி' எழுதுனாங்க, 1930 டிசம்பர்ல மேடை ஏறிச்சு. அடுத்த வருஷம் அது செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டருக்கு மாறுச்சு, இப்ப மவுஸ்ட்ராப் ஓடுதே அதே கொட்டகை தான்.

அப்புறம் அவங்க கண்டுபிடிச்ச விஷயம் ரொம்ப முக்கியம். துப்பறியும் நாவலை அப்படியே மேடையில ஏத்தினா எடுபடாது, ஏன்னா நாவல்ல சந்தேகப்படுற ஆளுங்க ஜாஸ்தி, தடயம் ஜாஸ்தி, படிக்கிறவங்க குழம்பினா பின்னாடி புரட்டி பாத்துக்கலாம், நாடகம் பாக்குறவங்க எதை புரட்டுவாங்க? அதனால வெட்டணும். எதை வெட்டுனாங்கன்னு பாருங்க, பொய்ரோவையே வெட்டுனாங்க! 'தி ஹாலோ' நாவல்ல அவரு உண்டு, 1951ல நாடகமா வந்தப்ப அவரு கிடையாது. நைல் நதி கதையிலயும் அப்படித்தான், மேடையில பொய்ரோ இல்ல. சோறு போடுற கதாபாத்திரத்தை நாடகத்துக்கு ஆகாதுன்னு தூக்கி வெளிய வைக்க எவ்ளோ தைரியம் வேணும்? நேரம் போகாம எழுதுறவங்க பண்ற காரியமா இது?

இப்ப எகிப்து விஷயத்துக்கு வரேன், உங்க கட்டுரையில அது சுத்தமா இல்ல. 1937லயே 'அக்னாட்டன்'னு ஒரு நாடகம் எழுதியிருக்காங்க. ராஜா, நெஃபர்ட்டிட்டி, சின்னப் பையனா துத்தன்காமுன் எல்லாரும் வர்ற சரித்திர நாடகம். கில்குட் மாதிரி பெரிய நடிகரே படிச்சுட்டு, நல்லாத்தான் இருக்கு ஆனா மேடை போட ரொம்ப செலவாகும், சிரிப்பும் பத்தலைன்னு எழுதிட்டாரு. அது புத்தகமா வரவே 1973 ஆச்சு. நாடகக் குழுவுல கணக்கு பாத்தவங்களுக்கு அந்த 'செலவாகும்'ங்கிற பதில் நல்லா தெரியும், எங்க குழு சரித்திர நாடகம் பக்கமே தலை வச்சு படுக்காததுக்கு காரணம் வாடகை நகையும் கிரீடமும் தான்.

அந்த எகிப்து ஆசை அத்தோட போகல. ரெண்டாம் உலகப்போர் நேரம், இவங்க லண்டன்ல ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க, அப்ப குடும்ப நண்பர் ஸ்டீபன் கிளான்வில், அவரு எகிப்து ஆராய்ச்சி பேராசிரியர், பழைய எகிப்துல நடக்குற மாதிரி ஒரு கொலைக்கதை எழுதுங்களேன்னு விடாம சொல்லியிருக்காரு. அப்படி வந்தது தான் 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்', 1944ல அமெரிக்காவுலயும் அடுத்த வருஷம் இங்கிலாந்துலயும் வெளிவந்துச்சு. கிமு 2000 வாக்குல நடக்குற கதை. அவங்க நாவல்கள்ல இருபதாம் நூற்றாண்டுல நடக்காதது இது ஒண்ணு தான், ஒரு வெள்ளைக்காரர் கூட கிடையாது. சரித்திரக் கொலைக்கதைன்னு இன்னைக்கு தனியா ஒரு அலமாரியே இருக்கு, இடைக்கால சாமியார் துப்பறியுற எல்லிஸ் பீட்டர்ஸ் கதையெல்லாம் ஆரம்பிச்சதே 1977ல தான், இவங்க அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே போயிட்டு வந்துட்டாங்க.

கதைக்கு விதை உண்மையான லெட்டர். லக்ஸர் பக்கத்துல ஒரு கல்லறையில அமெரிக்க மியூசியம் ஆளுங்க தோண்டி எடுத்தது, ஹெக்கநக்த்னு ஒரு பூசாரி, செத்தவங்க கல்லறைக்கு படையல் வைக்குற வேலை, வெளியூர் போன இடத்துலேருந்து வீட்டுக்கு எழுதுன பாப்பிரஸ் கடுதாசிங்க. வயலை பாத்துக்கோ, யாருக்கு எவ்ளோ தானியம் அளக்கணும், என் பொம்பளையை ஒழுங்கா நடத்துங்க, இதெல்லாம் தான் அதுல இருக்கு. நாலாயிரம் வருஷம் முன்னாடி ஒரு பெரியவரு வீட்டு ஆளுங்களை வெரட்டுற குரல் அப்படியே கேக்கும். இவங்க அதை எடுத்து, வயசான பூசாரி இம்ஹோடெப், சின்ன வயசு ஆசைநாயகியை வீட்டுக்கு கூட்டிட்டு வர்றாரு, மூணு பையனுங்க, மருமகளுங்க, புருஷனை இழந்து திரும்பி வந்த பொண்ணு ரெனிசென்ப், கண்ணு தெரியாட்டியும் எல்லாத்தையும் கவனிக்குற பாட்டி எசா, எனக்கு யாரு இருக்கான்னு மூக்கை சிந்திக்கிட்டே கோள் மூட்டுற ஹெனட்னு ஒரு வேலைக்காரி, இப்படி ஒரே வீட்டுக்குள்ள அடைச்சுட்டாங்க. அத்தியாயத்துக்கு தலைப்பு கூட எகிப்து மாசக்கணக்குல தான், வெள்ளம் வர்ற பருவம் ரெண்டாம் மாசம் இருபதாம் நாள்ங்குற மாதிரி. படிச்சா மேடையே கண்ணுல தெரியும், வீடு ஒண்ணு, பாறை மேல கல்லறை ஒண்ணு, நடுவுல ஏறிப்போற பாதை. கிரீடம் இல்லாம, ராஜா இல்லாம, செலவில்லாம போட்ட எகிப்து நாடகம்னு தான் நான் சொல்லுவேன்.

இதுக்காக அந்த கிளான்வில்லை பாடா படுத்தியிருக்காங்க. அந்தக் காலத்துல என்ன சாப்பிட்டாங்க, ஆம்பளை பொம்பளை ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்களா, எந்த மாதிரி ரூம்ல தூங்குனாங்க, துணியை எதுல வச்சாங்க. கோயில் பத்தி அரண்மனை பத்தி தெரிஞ்சுக்கலாம், சாதாரண வீட்டை பத்தி தெரிஞ்சுக்குறது தான் கஷ்டம்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆனா அந்த மனுஷன் முடிவுல ஒரு இடத்தை மாத்தச் சொல்லி வாதாடியிருக்காரு, இவங்களும் விட்டுக்குடுத்துட்டாங்க. பின்னாடி சுயசரிதையில, அன்னைக்கு ஏன்தான் விட்டுக்குடுத்தேனோன்னு வருத்தப்படுறாங்க.

இதை எதுக்கு சொல்றேன்னா, 1953ல 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' வந்தப்ப அதே மாதிரி நிலைமை. சிறுகதையா இருந்ததை கோர்ட் நாடகமா மாத்தி, வழக்கு புத்தகமா படிச்சு, வக்கீல்கிட்ட கேட்டு எழுதி, கடைசியில கதையில இல்லாத புது முடிவு ஒண்ணு வச்சாங்க. சுத்தி இருந்தவங்க அது வேண்டாம், எடுபடாதுன்னாங்க. இந்த தடவை அம்மா மசியல. இந்த முடிவு இல்லாட்டி நாடகமே வேண்டாம்னுட்டாங்க. அக்டோபர் 28 ராத்திரி அந்த முடிவு தான் கொட்டகையை தூக்குச்சு. முதல் நாள் ஷோன்னாலே நடுங்குறவங்க, பயப்படாம ரசிச்ச முதல் நாள் அதுதான்னு எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் டிசம்பர்ல 'ஸ்பைடர்ஸ் வெப்'பும் சேந்து, மவுஸ்ட்ராப்போட மூணு நாடகம் ஒரே நேரத்துல, லண்டன்ல பெரிய கொட்டகைங்க இருக்குற வெஸ்ட் எண்ட்ல. வேற எந்த பொம்பளை எழுத்தாளருக்கும் அது நடந்தது இல்ல.

விழுந்ததும் உண்டு. 1958 மே மாசம் 'வெர்டிக்ட்', முதல் நாளே திரையை முன்னாடி இறக்கிட்டாங்க, கடைசி திருப்பம் மேடைக்கு வரவே இல்ல, மாடியிலேருந்து கூச்சல். இதை படிச்சப்ப எனக்கு வயித்தை பிசைஞ்சுச்சு, ஏன்னா எங்க நாடகத்துலயும் ஒரு தடவை கயிறு இழுக்குறவருக்கு நான் காட்டுன சைகை தப்பா புரிஞ்சு, அப்பா வேஷம் போட்டவரு 'டேய் நீ என் பையனே'ன்னு ஆரம்பிக்கும்போது திரை பொத்துன்னு விழுந்துடுச்சு. மீதி 'இல்லடா'வை அவரு திரைக்குப் பின்னாடி நின்னு கத்துனாரு. ரெண்டு வாரம் என்கூட பேசல. வெர்டிக்ட் ஒரு மாசம் தான் ஓடுச்சு. ஆனா 67 வயசுல அந்தம்மா மூலையில உக்காந்து அழல, நாலு வாரத்துல 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்' எழுதி ஆகஸ்ட்லயே மேடை ஏத்திட்டாங்க, 604 தடவை ஓடுச்சு. ஹிந்தியில 1973ல வந்த 'துந்த்' படம் அதுலேருந்து எடுத்தது தான்.

இன்னொரு திருத்தம், மவுஸ்ட்ராப் நாவல்லேருந்து வந்ததுன்னு போட்டிருந்தீங்க, கிடையாது. 1947ல மேரி ராணியோட எண்பதாவது பிறந்தநாளுக்கு பிபிசி ரேடியோவுல அரை மணி நேர நாடகமா வந்தது தான் மூலம். மேடையில முதல்ல ஏறினது 1952 நவம்பர் 25, அப்ப லண்டன் அம்பாசடர்ஸ் தியேட்டர்ல. எட்டு மாசம் ஓடும்னு இவங்க கணக்கு, பதினாலு மாசம்னு தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ் கணக்கு. உரிமையை பேரனுக்கு பிறந்தநாள் பரிசா குடுத்துட்டாங்க, அந்தப் பையன் ஒன்பது வயசுல வாங்குன பரிசு இன்னும் காசு போடுது. கொரோனா வந்து 2020 மார்ச்ல நின்னது தான் நின்னது, 2021 மே மாசம் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க.

அந்த எகிப்து நாவல் பத்தியும் நாடகங்கள் பத்தியும் தனியா ஒரு கட்டுரை போடுங்க, தயவு செஞ்சு முடிவை மட்டும் போடாதீங்க. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவான்னு பொண்ணு போன்ல கேட்டா, வேண்டாம்னுட்டேன். மேடையில கணப்பு அடுப்புக்கு மேல ஒரு கடிகாரம் இருக்காம், 1952 முதல் நாள் செட்லேருந்து இன்னைக்கு வரைக்கும் மாத்தாம வச்சிருக்கிற சாமான் அது ஒண்ணு தானாம். யாரு கொலை பண்ணாங்கன்னு நீங்க சொல்லிட்டதால எனக்கு வேற வேலை இல்ல, அதை பாத்துட்டு வரேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ப்ராம்ப்டர்,
திருச்சி