ராமேஸ்வரம் அரை நாள் ஊர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடை விடுமுறைச் சிறப்புப் பகுதியில் வெளியான ஆன்மிகச் சுற்றுலாக் கட்டுரையில், "ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி சாமி கும்பிட்டுவிட்டால் குழந்தைகளுக்குக் காட்ட வேறொன்றும் இல்லை, அரை நாளில் மதுரைக்குத் திரும்பிவிடலாம்" என்ற வரியைப் படித்தேன். எங்கள் வீட்டில் தலைமுறையாக வாங்கிப் படிக்கும் இதழ் தங்களுடையது. எங்கள் ஊரைப் பற்றி வேறு யார் இப்படி எழுதியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

அந்த அரை நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது இங்கே குடியிருக்கும் எங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனம், அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் என்று முடித்து வருகிறவர்களை வேனில் ஏற்றி, ராமர் பாதத்தில் பத்து நிமிடம், கோதண்டராமர் கோயிலில் பத்து நிமிடம், தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஒரு படம் என்று ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கோவையிலிருந்து வந்த என் தங்கையின் குடும்பமும் அப்படித்தான் போய் வந்தது. அன்று இரவு அவளுடைய பேரன், "அந்தச் சர்ச்சை யார் பாட்டி இடிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டான். அங்கே ரயில் நிலையமும் தபால் நிலையமும் இருந்ததையும், எழும்பூரிலிருந்து வந்த போட் மெயில் ரயிலின் பயணிகள் அங்கிருந்துதான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறியதையும், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்குள் போனதையும் சொன்னேன். அவன் உறங்கவில்லை, மறுநாள் திரும்பவும் அங்கே போக வேண்டும் என்று அழுதான். குழந்தைகளுக்குக் காட்ட ஒன்றுமில்லாத ஊரா இது?

காட்ட என்னென்ன இருக்கின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. பாம்பன் பாலத்தைப் பற்றித் தங்கள் இதழிலேயே பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப் போல மேல்நோக்கி விரியும்படி இருந்தது. அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இயந்திரவியல் பாடம் எங்கே கிடைக்கும்? பக்கத்திலேயே குந்துகால். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாம்பனில் இறங்கியதற்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாமின் வீடும் பேய்க்கரும்பில் அவருடைய நினைவிடமும் இருக்கின்றன. தங்கச்சிமடத்துப் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் இறைத்துக் குடிக்கலாம். தனுஷ்கோடிக் கடற்கரையிலும் மீனவப் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வந்தால் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025இல் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறது.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டதைக்கூட மறந்துவிடலாம். ஆனால் அதே பக்கத்தில் இருந்த படத்தின் கீழே, "இரு கடல்கள் கூடும் அரிச்சல்முனையில் குடும்பத்தோடு நீராடி மகிழலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதை எழுதியவர், தனுஷ்கோடியின் கடைக்கோடியான அந்த முனையில் நின்று தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாக மாறும். எந்தக் காலமானாலும் அந்த முனையில் இரண்டு பக்கத்து நீரோட்டமும் மோதுவதால் காலடி மணலே கரைந்து போகும். கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள்கூடப் பிள்ளைகளை அங்கே இறங்க விடுவதில்லை. தங்கள் இதழை நம்பி ஒரு தகப்பனார் தம் குழந்தையைக் கைபிடித்து அந்தத் தண்ணீரில் இறக்கினால், யார் பதில் சொல்வது?

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்கும், டிசம்பரில் புயல் நினைவு நாளுக்கும், மீனவர்கள் கைதானால் அதற்கும் மட்டுமே பத்திரிகைகளுக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வருகிறது. அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை வந்தது. ஆனால் அந்த வெயிலில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் ஒதுங்கப் போதிய நிழலுக்கும் பெண்களுக்குப் போதிய கழிப்பறைக்கும் இன்னும் வழியில்லை. அவசரமாக வந்து அவசரமாகப் போகிறவர்கள் ஈரத்துணியை அக்னி தீர்த்தத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது கரை ஒதுங்கி அழுகுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஓர் இரவாவது தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள் இந்தக் கடலை அப்படி நடத்த மாட்டார்கள் என்பது நான் கண்ட அனுபவம். அவர்களை அரை நாளில் கிளம்பச் சொல்வதற்குத் தங்கள் இதழும் துணை போகலாமா?

நான் மறுப்புக் கட்டுரை எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பகுதியில், ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்பதை முதல் வரியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கலாம் நினைவிடத்துக்கும் பாம்பனுக்கும் போய் வரலாம் என்பதையும், தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்து உண்டு என்பதையும், மாலையானால் அங்கே போக விடமாட்டார்கள் என்பதால் நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தால் நல்லது. பள்ளிகள் திறப்பதற்குள் அது வெளிவருமாறு பார்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
ராமேஸ்வரம்.