குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, மரம் வெட்டல் பற்றிய மனுக்கள் பதிவேட்டில் உள்ளன. இந்த அறிக்கையைக் குடிநீருக்கும் கழிவுநீருக்குமே ஒதுக்குகிறேன். சென்னையின் பழைய தெருக்களில் இவ்விரு குழாய்களும் சில அடி இடைவெளியில்தான் கிடக்கின்றன. ஒன்றில் பழுது வந்தால் மற்றதும் கெடுகிறது.

சாக்கடை வாடை அடிக்கும் குடிநீர் பற்றியே அதிகப் புகார்கள் வந்தன. நமக்கு நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், மண்ணில் ஊறிய கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே போய்விடுகிறது. தண்ணீர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் மட்டும் நாறினால் கசிவு பெரும்பாலும் பக்கத்திலேயே, பல நேரம் நம் வீட்டு இணைப்பிலேயே இருக்கும். கடைசிவரை நாறினால் தெருக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஓ.டி. (ஆர்த்தோடோலிடின்) சொட்டு மருந்து உதவுகிறது. தெருமுனை வீட்டில் தொடங்கி, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்துச் சொட்டு விடுங்கள். கிருமியைக் கொல்லக் குடிநீரில் சேர்க்கும் குளோரின் இருந்தால் உடனே மஞ்சளாகும். கழிவு கலந்த இடத்தில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், நிறம் வராது. மஞ்சள் வந்த கடைசி வீட்டுக்கும் வராத முதல் வீட்டுக்கும் நடுவில்தான் முதலில் தோண்டச் சொல்ல வேண்டும். இந்த விவரத்தோடு புகார் கொடுத்தால் தெரு முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்காது. மருந்து நச்சு, சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். தோண்டிப் பார்த்தால் அநேகமாகக் கழிவுநீர்க் குழாயைக் குறுக்கே கடக்கும் பழைய இரும்புக் குழாய்தான் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடக்கும். மாற்றும்போது குடிநீர்க் குழாய் மேலேயும் கழிவுநீர்க் குழாய் கீழேயும் இருக்கும்படி போட வேண்டும்.

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போடுவதைச் சங்கம் வன்மையாக எதிர்க்கிறது. அது தண்ணீரோடு அக்கம்பக்கத்து விரிசலில் நிற்கும் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அடிபம்பிலும் சிறிய அளவில் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் தானாகச் சம்ப்பில் விழட்டும். மோட்டாரை அங்கிருந்து போடுங்கள்.

சம்ப்பைக் கழுவியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். 10,000 லிட்டர் சம்ப்புக்கு 40 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரைமணி கழித்துச் சொட்டு விட்டுப் பார்த்தால் மஞ்சள் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீரில் அழுக்கு மிகுதி, அல்லது பவுடர் வீரியம் போனது. பிரித்த பொட்டலம் காற்றுப்பட்டால் விரைவில் வலுவிழக்கும் என்பதால் மூட்டையாக வாங்காதீர்கள். சம்ப் வாயைத் தரைமட்டத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள். மழைநாளில் தெருவெள்ளம் சம்ப்புக்குள் இறங்கிவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

கழிவுநீர் அடைப்புக்கு வருவோம். துணி, நாப்கின், பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார், மணல், உறைந்த எண்ணெய் ஆகியவையே குழாயை அடைக்கின்றன. சூடாக ஊற்றிய எண்ணெய் குழாயில் ஆறி உறைந்து, நாரையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதைவிடக் கேடு, மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்த் தொட்டியில் விடுவது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். வீட்டுக் கழிவுக்காகப் போட்ட குழாய் இதைத் தாங்காது; தரைத்தள வீடுகளின் கழிவறையில் பொங்கி வரும். அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடம் உறைகிணறு. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஆனாலும் பல வீடுகளில் வடிகட்டித் தொட்டி சேறு மண்டிக் கிடக்கிறது. ஐப்பசிக்கு முன் ஜல்லியை வெளியே எடுத்து அலசிப் போட வேண்டும்.

ஒரு விஷயத்தில் சங்கம் எந்தச் சமரசமும் செய்யாது. எந்த அடைப்புக்கும் மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உயிரிழப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். "நாற்றமே இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பது அதனால்தான் உயிரைப் பறிக்கிறது. அழுத்தமாக நீரைப் பாய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் வண்டியை மட்டும் அழையுங்கள். செப்டிக் டேங்க் உள்ளவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது லாரி வைத்துக் கசடெடுக்க வேண்டும், அழைக்க 14420. எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்றும் கேளுங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு வைக்கிறேன். மாடித் தண்ணீரைக் கழிவுநீரில் விடும் வீடுகள் புரட்டாசி முடிவதற்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிளம்பர் கூலியில் பாதியைச் சங்கம் ஏற்கும். தெருவுக்கு ஒரு ஓ.டி. பெட்டி வாங்கி, வாரம் ஒருமுறை தெருமுனை வீட்டிலும் கடைசி வீட்டிலும் சோதித்து நோட்டில் குறிக்க, தெருவுக்கு இருவர் பெயர் தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்