ஆறு நாற்காலி, 24 ஷூ

அரங்கத்தில் அன்று இரவுப் பணியில் இருந்த அக்காவுக்கும், எங்களைக் கரை சேர்த்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. வாலிபால் போட்டிக்கு வந்த அணிகளெல்லாம் அதே மழையில்தான் வந்தன. வர முடியாமல் திரும்பிய அணிகளுக்கும் அதே மழைதான். எங்கள் அணி வந்த பஸ்ஸின் டிக்கிக்குள் வெள்ளத் தண்ணீர் புகுந்து, 12 ஜோடி ஷூவும் இரவு பத்து மணிக்கு அரங்கத்து வராண்டாவில் சொட்டச் சொட்டக் கிடந்தன. அது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த மடல் அதற்குப் பிறகு நடந்ததற்கு.

அக்கா, "ஷூவைக் காய வச்சேன், அதுக்குப் போய் ஒரு கடுதாசியா" என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். வாலிபால் ஆடுகிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வெறுங்காலோடு ஆட விதிப்புத்தகத்தில் இடம் உண்டு. முதல் நடுவர் அனுமதித்தால் போதும். கேட்டால் தருகிறேன் என்று அவர் அன்றிரவே சொல்லியிருந்தார், அந்த நல்ல மனதுக்கும் நன்றி. ஆனால் மரத்தரையில் வெறுங்காலோடு பிளாக் போட்டு, அதாவது எதிரணி அடியைத் தடுக்க வலையருகே குதித்து, இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வியர்த்த பாதம் வழுக்கும். காய்ந்த பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது தோல் உரியும். வலைக்கு அடியில் எதிரணிக்காரரின் ஷூ நம் விரல்மேல் இறங்கினால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. ஈர ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடுவது அதைவிட மோசம். உள்ளே பாதம் நகர்ந்துகொண்டே இருக்கும், முதல் செட் முடிவதற்குள் குதிகாலில் கொப்புளம். குதிக்கும்போதெல்லாம் ஷூவின் வலைத்துணியில் இருந்து பிழிந்து வரும் தண்ணீர் தரையில் விழும். அதில் வழுக்கி விழுவது யாராகவும் இருக்கலாம்.

அதனால் ஆளுக்கொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடியின் வாய்க்குள் ஹேர் டிரையரே செருகியாகிவிட்டது. கையில் மாப்போடு அந்தப் பக்கம் போன நீங்கள் நின்றீர்கள்.

"தம்பி, மொதல்ல அத எடுங்க. பசை விட்டுரும்."

ஷூ கம்பெனியில் பசை செக்‌ஷனில் வேலை பார்த்த கை என்று பிறகுதான் சொன்னீர்கள். அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் ஒட்டும்போது பசையை அறுபது டிகிரி பக்கம் சூடாக்கி இளக வைத்து, உடனே பிரஸ்ஸில் கொடுத்து அழுத்துவார்களாம். அந்தச் சூட்டை மறுபடி காட்டினால் பசை மறுபடி இளகும். அழுத்திப் பிடிக்க அப்போது பிரஸ் இருக்காது. கிட்டே வைத்த ஹேர் டிரையரின் காற்று அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அடியில் இருக்கும் நுரையும் சூட்டில் சுருங்கும், ஒரு முறை சுருங்கினால் பழையபடி உப்பாது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஃபோகஸ் லைட்டுக்கு அடியில் வைப்பது எல்லாம் இதே கணக்குதான். காலையில் பார்க்க ஷூ காய்ந்திருக்கும், மூன்றாவது செட்டில் முன்பக்கம் வாயைப் பிளக்கும்.

அடுத்து நீங்கள் சொன்னதைக் கேட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லா ஷூவையும் குழாயடியில் போட்டு இன்னும் நனைக்கச் சொன்னீர்கள். காரணம் இருந்தது. வெள்ளத் தண்ணீரில் வண்டல் இருக்கிறது. அப்படியே காய்ந்தால் வண்டல் வலைத்துணியிலும் அடிப்பாகத்துக் கீறல்களிலும் மாவாக நிற்கும். மரத்தரையில் அந்த மாவு, பவுடர் போட்ட மாதிரி வழுக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் வேறு, சோப்பு போடாமல் காலை உள்ளே விடக்கூடாது. நாடாவை முழுதாக உருவி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, உள்சோலைக் கழற்றி, ஷூ, நாடா, உள்சோல் மூன்றையும் தனித்தனியாக அலசினோம். இரண்டு ஜோடியில் உள்சோல் ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்க விடவில்லை நீங்கள். பிய்த்தால் அடியில் மேடு பள்ளமாகப் பசை நிற்கும், காலில் உறுத்தும்.

பிறகு துண்டு. ஷூவைப் பிழியக்கூடாது, குதிகால் பக்கம் உள்ளே இருக்கும் கெட்டி அட்டை மடிந்துவிடும். துண்டை உள்ளே திணித்து, வெளியிலும் சுற்றி, இரண்டு கையாலும் ஒற்றி எடுக்க வேண்டும். உள்சோலையும் முழங்கால் பேடையும் துண்டுக்குள் சுருட்டி வைத்து மேலே ஏறி நிற்கலாம். பேடுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் அவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும் என்று மிதித்துப் பார்க்கிற வரை யாருக்கும் தெரியாது.

அதன்பின் பழைய பேப்பர் கட்டு. நாளிதழ்தான் வேண்டும், வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம் என்றீர்கள். வழவழப்புக்காகப் பூச்சு கொடுத்த தாள் தண்ணீர் குடிக்காது. ஒரு ஷூவுக்கு இரண்டு முழுத் தாள். முதலில் விரல் பக்கத்துக்குச் சின்னச் சின்ன உருண்டைகள், அப்புறம் நடுவில் தளர்வாகக் கசக்கிய தாள். இறுக்கி அடைத்தால் தாளுக்குள் காற்று இருக்காது, ஈரம் ஏற வழி இருக்காது. வெள்ளை ஷூவின் வெளிப்பக்கம் அச்சு மை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வெற்றுத் துண்டுதான்.

நேரக் கணக்குதான் இதில் பெரிய விஷயம். இருபது நிமிடத்தில் முதல் மாற்று, அடுத்தது நாற்பது நிமிடத்தில், பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு சுற்றுக்கு 48 தாள், நான்கு சுற்றுக்கு 192. ஒரு நாள் பேப்பரில் நான்கு முழுத் தாள் என்று வைத்தால் ஒன்றரை மாதத்துப் பேப்பர் அன்றிரவு ஷூக்களுக்குள் போயிற்று. பல பேர் தப்பு செய்கிற இடமும் இதுதான்: இரவு ஒரு தடவை அடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நனைந்த தாள் அதற்குமேல் எதையும் உறிஞ்சாது. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு காலையில் நாற்றம்தான் மிஞ்சும். எடுத்த தாளை அதே அறையில் குவிக்கவும் நீங்கள் விடவில்லை. குவித்தால் அந்த ஈரம் திரும்பக் காற்றில் ஏறி ஷூவுக்கே வரும் என்று வராண்டாவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோகச் சொன்னீர்கள்.

அறைக்கும் நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். வெளியே மழை ஓயாதபோது ஜன்னலைத் திறந்து பிரயோஜனம் இல்லை, உள்ளே வருவதும் ஈரக் காற்றுதான். நடுவர் அறையில் ஏசி இருக்கிறது என்று அரங்க மேலாளரை எழுப்பிச் சாவி வாங்கினீர்கள். (நள்ளிரவில் எழுப்பியதற்கு அவரிடமும் மன்னிப்பு.) கூல் போடாமல் டிரை மோடில், ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்டிருக்குமே அதில் வைத்தீர்கள். குளிர் கூடினால் ஈரம் ஆவியாவது மந்தமாகும். டிரை மோடில் அறை அவ்வளவு குளிராது, காற்றில் இருக்கும் ஈரம் மட்டும் தண்ணீராகி வெளிக்குழாய் வழியே போகும். ஆனால் ஏசியின் விசிறி அப்போது மெதுவாகச் சுற்றும், அதனால் தனியாக இரண்டு ஃபேன்.

இரண்டு மணி வாக்கில் கடைசிச் சுற்றுத் தாளை எடுத்தபின், இரும்புக் கால் நாற்காலி ஆறைத் தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாக வைத்தீர்கள். நாற்காலிக்கு நான்கு கால், ஆறு நாற்காலிக்கு 24 கால். ஒவ்வொரு காலிலும் ஒரு ஷூ, வாய் கீழே பார்க்க. ஃபேனைத் தரைமட்டத்தில் வைத்து முகத்தை அண்ணாத்தினால் காற்று கீழிருந்து ஏறி ஷூவுக்குள் போய்ச் சுற்றி வரும். தரையில் வைத்துக் காயவைத்தால் அடிப்பாகத்துக்குக் காற்றே படாது, விரல் பக்கம்தான் எப்போதும் கடைசியாகக் காயும். அரங்கத்தில் நாற்காலிக்குப் பஞ்சம் கிடையாது. இத்தனை வருடப் போட்டிகளில் அதைக் கவிழ்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

காலையில் நீங்கள் ஷூவைத் தொட்டுப் பார்த்து விட்டுவிடவில்லை. டிஷ்யூத் தாள் ஒன்றை விரல் பக்கம் திணித்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தீர்கள். தாள் மொறமொறவென்று வந்தால் காய்ந்தது, தொய்ந்து வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஃபேனில். நான்கு ஷூ தொய்ந்து வந்தன. எல்லாம் காய்ந்தபின் அடிப்பாகத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. ஒரே ஒரு ஜோடியின் முன்பக்கம் லேசாகத் திறந்திருந்தது, அது நாள்பட்ட ஷூ, குற்றம் உங்களுடையதில்லை. டேப் சுற்றி அன்றைய ஆட்டத்தை ஓட்டியாயிற்று.

வெளிக்குழாய்க்கு அடியில் நீங்கள் வைத்த வாளி விடிகாலையில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. தரை துடைக்க ஆகும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மற்றவர்களை ஒரே பத்தியில் சேர்ப்பதற்கு அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஓட்டுநர் அண்ணன் தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். "பஸ் கனமான வண்டி, போயிடலாம்" என்று பின்னால் இருந்து குரல் வந்தும் அசையவில்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும், அறுபது சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும், பாலத்தின் ஓரம் இருக்கிறதா அரித்துப் போயிற்றா என்பது மேலே இருந்து தெரியாது. தேங்கிய தண்ணீரைக் கடந்த ஒவ்வொரு இடத்திலும் அடுத்த கொஞ்ச தூரம் மெதுவாகப் போய், பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து லைனிங்கைக் காயவைத்தாரே, அதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அமைப்புக் குழுச் செயலாளர் காலை எட்டு மணி ஆட்டத்தைப் பதினொன்றுக்குத் தள்ளினார். எதிரணிப் பயிற்சியாளர் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லாமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் அவருக்குத்தான் லாபம். தன்னார்வலத் தம்பிகள், உலர்ந்த ஜெர்சி கொடுத்து உதவிய பெண்கள் அணி, கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பியவர் — எல்லோருக்கும் நன்றி.

செயலாளர் விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம், மற்ற அணிகளுக்கு உதவும். தகுந்த காரணம் இல்லாமல் குறித்த நேரத்தில் களத்துக்கு வராத அணி தோற்றதாக அறிவிக்கப்படும்: செட் 0–3, ஒவ்வொரு செட்டும் 0–25. இதில் உயிர்நாடி "தகுந்த காரணம் இல்லாமல்" என்ற சொற்கள்தான். அவர் தொலைபேசியில் மூன்றே விஷயம் கேட்டார்: இப்போது எங்கே நிற்கிறீர்கள், சாலையில் தண்ணீர் நிற்கும் படம் நேரத்தோடு அனுப்ப முடியுமா, ஓட்டுநர் கணக்கில் எத்தனை மணிக்கு வருவீர்கள். ஆட்ட நேரத்துக்கு முன்பே இந்த மூன்றும் எழுத்தில் போய்ச் சேர்ந்தால் அது காரணம். நேரம் கடந்தபின் போனால் வெறும் சாக்கு.

இனி எங்கள் அணியில் ஷூ டிக்கிக்குப் போகாது. ஆடும் ஷூ, ஒரு ஜோடி காலுறை, பேடு மூன்றும் தடித்த பாலிதீன் பையில் கட்டி அவரவர் மடியில். டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங்கைக் கிளம்பும் முன் விரலால் தடவிப் பார்ப்பது அணி மேலாளர் வேலை. வெடித்திருந்தால் வேறு வண்டி. பந்துப் பையில் பம்பும் பிரஷர் கேஜும் இருக்கும் இடத்தில் இனி பழைய நாளிதழ் ஒரு கட்டும் நான்கு துண்டும் இருக்கும். மழைக்காலப் போட்டி என்றால் ஒரு நாள் முன்னதாகவே பயணம்.

ஸ்கோர் கேட்கிறவர்களுக்கு: தோற்றோம், 1–3. ஷூவைக் காரணம் சொல்ல முடியாதபடி செய்துவிட்டீர்கள் அக்கா.

பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது எங்கள் தப்பு. அந்த அரங்கத்துப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அக்கா, உங்கள் நீலத் துண்டு ஒன்று முழங்கால் பேடோடு சுருண்டு எங்கள் பையில் வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம், அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது உங்கள் கையில் கொடுக்கிறோம். ஆறு நாற்காலியையும் நிமிர்த்தாமலே வந்துவிட்டோம், அதற்கும் மன்னிக்கவும்.

அன்புடன்,
வாலிபால் அணியும் பயிற்சியாளரும்